இரண்டு மாதக் குழந்தை விடாமல் அழுகிறது. ஆத்திரத்தில் பிடித்து உலுக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

கீழே கிடத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பாயில், மல்லாக்க, தலையணை இல்லாமல். பசியாறிய, காய்ச்சல் இல்லாத குழந்தை பத்து நிமிடம் அழுதால் ஒன்றும் ஆகாது. சில நொடிகள் உலுக்கினாலே உயிர் போகலாம்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். பிரசவத்துக்காக மேலூரில் அம்மா வீட்டில் இருந்தேன். மகளுக்கு ஆறாவது வாரம். விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கினால் இரவு பத்து மணி வரை ஓயமாட்டாள். பால், துணி, தூளி எதற்கும் அடங்கவில்லை. "உரம் விழுந்திருக்கிறது, சேலையில் போட்டு உருட்ட வேண்டும்" என்றார் அம்மா. தலை நிற்காத பிள்ளையை அப்படிப் புரட்ட நான் சம்மதிக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று, "பச்சை மண்ணை இப்படியா கதறவிடுவாய்?" என்பார். அழுகையைவிட அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. ஓர் இரவு, அவளைத் தூக்கியிருந்த என் கைகள் இறுகுவதை உணர்ந்தேன். கிடத்திவிட்டுக் கொல்லைப்புறம் போய் அழுதேன். பெற்றவள் செய்கிற காரியமா என்று கூசினேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டும் கால் பங்கு. அதைத் தாங்கக் கழுத்துக்கு வலுவில்லை. உலுக்கும்போது தலை முன்னும் பின்னும் வெட்டி, மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுந்து இரத்தம் கசிகிறது, மூளை வீங்குகிறது. பிழைத்தாலும் பார்வை போகலாம், வலிப்பு தங்கிவிடலாம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமலே இவ்வளவும் நடக்கலாம் என்பதை நார்மன் கத்கெல்ச் என்ற இங்கிலாந்து நரம்பு அறுவை மருத்துவர் 1971-இல் எழுதினார். தூளியில் மெல்ல ஆட்டுவதையும் மடியில் வைத்துக் கொஞ்சுவதையும் நினைத்துப் பயப்படாதீர்கள்.

யாராவது உலுக்கிவிட்டிருந்தால் தாமதிக்கக் கூடாது. பால் குடிக்காமை, வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, உச்சிக்குழி புடைப்பது, மூச்சு சீரில்லாமை, இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் வெறும் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

இந்த அழுகை இரண்டாவது மாதத்தில்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்லக் குறையும். அதுவரை தனியாகச் சுமக்காதீர்கள். கணவரிடமும் அம்மாவிடமும் இன்றே சொல்லிவையுங்கள்: பிள்ளையைக் கிடத்திவிட்டு நான் வாசலுக்கு வந்தால் ஏன் என்று கேட்காதீர்கள், உள்ளே போய் எடுத்துக்கொள்ளுங்கள்.