கேள்வி-பதில்: சைக்கிள் பத்திரிகை அட்டையில எப்பவும் ஏன் வெயில் அடிக்குது?

கேள்வி: சார், பழைய புத்தகக் கடையில பிரிட்டிஷ் சைக்கிள் பத்திரிகைங்க கொஞ்சம் கிடைச்சுது. டிசம்பர் இதழ்லகூட வெயில், மலை ரோடு, நம்மளப் பார்த்து வர்ற ஒரு ரைடர், பக்கத்துல "வேகமா மலை ஏற 10 வழி"ன்னு பெரிய எழுத்து. எல்லாமே ஒரே மாதிரி இருக்கே, வேற யோசனையே வராதா இவங்களுக்கு?
(வாசகர், கோவை)

பதில்: வராம இல்ல தம்பி, கடை அலமாரிதான் அவங்கள அப்படி ஆக்கி வச்சிருக்கு. அங்க ஸ்டேஷன் கடையிலயும் சூப்பர் மார்க்கெட்லயும் பத்திரிகைங்கள ஒண்ணை ஒண்ணு மறைக்கிற மாதிரி நெருக்கி அடுக்கிடுவாங்க, கண்ணுல படறது மேல்பகுதியும் இடது ஓரமும்தான், அதனால பேர் உச்சியில, ஆள் இழுக்கிற வரிங்க பெரும்பாலும் இடது ஓரத்துல. ரைடரோட ஹெல்மெட் பத்திரிகை பேர்ல ஒரு எழுத்தை லேசா மறைக்கும் பாருங்க, அதுலதான் ஆள் அட்டையை விட்டு வெளிய வர்ற மாதிரி தெரியுது.

வெயிலுக்கு வருவோம். இங்கிலாந்துல டிசம்பர்னா சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிடும், ரோடெல்லாம் ஈரம், வண்டி வீட்டுல முடங்கிக் கிடக்கும். அப்படி வண்டிய முடக்கி வச்சிருக்கிற ஆள் கடைக்குள்ள நுழையறப்ப ஆல்ப்ஸ் மலை வளைவு ஒண்ணு கண்ணுல பட்டா, வர்ற கோடையில நானும் போறேன்னு மனசு கிளம்பிடும், கை தானா பர்ஸுக்குப் போயிடும். அதுக்காகவே மயோர்கா மாதிரி வெயில் அடிக்கிற தீவுக்குப் போய் படம் எடுத்துட்டு வருவாங்க.

ஆள் இல்லாம வண்டி மட்டும் நிக்கிற அட்டை இருந்தா நல்லா கவனிங்க. எப்பவும் செயின் பக்கம்தான் காட்டுவாங்க, கியரும் பெடல் மாட்டுற கிராங்க்கும் அங்கதானே இருக்கு. செயின் முன்னாடி பெரிய பல்சக்கரத்துல ஏறி இருக்கும், டயர் கம்பெனி பேர் வால்வுக்கு நேரா நிக்கும். ஒண்ணு தப்பினாலும் சைக்கிள் பைத்தியம் பிடிச்ச வாசகர் உடனே கண்டுபிடிச்சுடுவார், அப்புறம் உள்ள எழுதியிருக்கிற டெஸ்ட் ரிப்போர்ட்ட எப்படி நம்புவார்? எனக்குப் பிடிக்காதது அந்த "10 வழி"தான். காசு குடுத்து வாங்கினவருக்கு வருஷா வருஷம் அதே 10 வழிய திருப்பிக் குடுக்கறது நியாயமே இல்ல.

கேள்வி: டூர் டி பிரான்ஸ் மஞ்சள் ஜெர்ஸிக்கும் பத்திரிகைக்கும் சம்பந்தம் இருக்காமே?
(வாசகி, மதுரை)

பதில்: ஆமாம்மா, அந்தப் போட்டியே பேப்பர் விக்கறதுக்காக ஆரம்பிச்சதுதான். அப்ப பிரான்ஸ்ல "லெ வெலோ"ன்னு பெரிய விளையாட்டு பேப்பர், பச்சைத் தாள்ல வரும். 1900ல போட்டியா வந்த "லோட்டோ" மஞ்சள் தாளைப் பிடிச்சுக்கிச்சு, கடையில தூரத்துல இருந்தே எது எதுன்னு தெரியணும் இல்லையா, படம் போட்ட அட்டையெல்லாம் இல்லாத தினசரிக்கு கலர்தான் அட்டை. ஆனா கலர் மட்டும் போதல, விற்பனை ஏறல. 1903ல ஆசிரியர் ஆன்ரி டெக்ரான்ஜ் நாட்டையே சுத்தி வர்ற ரேஸ் நடத்தினார், சுமார் 25,000 பிரதி வித்த பேப்பர் 65,000க்கு ஏறிச்சு, அடுத்த வருஷமே லெ வெலோ மூடிட்டாங்க. 1919ல ரேஸ் நடுவுல முன்னணியில இருந்த யூஜின் கிறிஸ்டோஃபுக்கு மஞ்சள் ஜெர்ஸி மாட்டி விட்டாங்க, பேப்பர் கலர் ரோட்டுல ஓட ஆரம்பிச்சுது. இத்தாலியிலயும் இதே கதைதான், ரோஸ் தாள்ல வர்ற "கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்" 1909ல இத்தாலியைச் சுத்தி வர்ற "ஜிரோ டி இத்தாலியா" ரேஸ் தொடங்கிச்சு, 1931ல லீடருக்கு ரோஸ் ஜெர்ஸி. இன்னைக்கும் டூர் டி பிரான்ஸ் நடக்கிற ஜூலை மாச சைக்கிள் பத்திரிகை அட்டையில மஞ்சள் தூக்கலா இருக்கும்.

கேள்வி: உங்களுக்குப் பிடிச்ச அட்டை எது?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: சத்தம் போடாத அட்டை. 2006ல லண்டன்ல ஆரம்பிச்ச "ரூலூர்" அப்படித்தான் வந்துச்சு, எழுத்து ரொம்பக் கம்மி. சந்தா கட்டினவங்க வீட்டுக்கே போற பத்திரிகைக்கு அலமாரியில கூவ வேண்டிய அவசியம் குறைவு. பாரீஸ்-ரூபே ரேஸ் கல்லு ரோட்டுல ஓட்டி முடிச்சவர் முகம், பூரா புழுதி, கண்ணாடி கழட்டின இடம் மட்டும் வெளுப்பா இருக்கும், அந்த மாதிரி ஒரு படம் அட்டையில இருந்தா உள்ள என்ன இருக்குன்னு புரட்டிப் பார்க்காமலே வாங்கிடுவேன்.