கோலாலம்பூர் கார்டுக்குப் பல்லவனில் இடம் இல்லையா?

கேள்வி: "மாசியில் எங்கள் படைப்பு, பங்காளிகள் கூடி முன்னோரைக் கும்பிடும் நாள். கோலாலம்பூரிலிருந்து அக்கா மகன் குடும்பத்தோடு வருகிறான். நாலு பேருக்கும் மலேசியப் பாஸ்போர்ட். சென்னையில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் பல்லவன் ரயிலில் காரைக்குடி வரவேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. மூன்று கிரெடிட் கார்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டான், டிக்கெட் விழவில்லை. ஒரு கார்டில் பணம் போனதாகச் செய்தி மட்டும் வந்தது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு விடுதிக்கு முன்பணம் கட்டப் போனால் அங்கும் இதே கதை. 'அம்மான், அந்தக் கார்டை வைத்து இங்கே காரே வாங்கலாம், அங்கே ஒரு ரயில் டிக்கெட் வாங்க முடியவில்லையே' என்கிறான். கோளாறு கார்டிலா, நம் ஊரிலா? போன பணம் வருமா?" – தேவகோட்டை வாசகர்.

முதலில் அவரை நான்காவது முறை முயலவேண்டாம் என்று சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குள் ஒரே தொகை மூன்று நான்கு முறை வெளிநாட்டிலிருந்து வந்து மோதினால், திருட்டுக் கார்டை யாரோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்றுதான் வங்கியின் கண்காணிப்பு நினைக்கும். நல்ல கார்டும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பெட்ரோல் போடக்கூட உதவாது.

கோளாறு எங்கே என்பதற்கு வருகிறேன். நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ரங்கூனில் எழுதிய உண்டியல், அதாவது இன்னாருக்கு இவ்வளவு கொடு என்ற பணச்சீட்டு, இங்கே ஒரு கடைக்கு வந்தால், தொகையைப் பார்ப்பதற்கு முன் விலாசத்தை, அதாவது கடையின் பெயரெழுத்துகளைப் பார்ப்பார்கள். மூன்று நான்கு எழுத்துதான், ஆனால் எந்த வீடு, எந்தக் கடை என்று அதிலேயே தெரிந்துவிடும். கார்டுக்கும் விலாசம் உண்டு. அதன் முதல் ஆறு இலக்கங்கள், புதிய முறையில் எட்டு, எந்த நாட்டின் எந்த வங்கி கொடுத்த கார்டு என்பதைச் சொல்லிவிடும். அதைப் பார்த்த மாத்திரத்தில் "இது நம் ஊர் விலாசம் இல்லை" என்று திருப்பி அனுப்பும் தளங்கள் இந்தியாவில் நிறைய. உள்ளே எவ்வளவு பணம் இருக்கிறது என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

ஆனால் எல்லா மறுப்பும் இந்தியாவில் நடப்பதில்லை. பயணத் தளத்திலிருந்து பணம் கேட்கும் செய்தி புறப்பட்டு, கட்டண நுழைவாயில் (தளத்துக்காகக் கார்டுப் பணத்தை வசூலிக்கும் இடை நிறுவனம்), இங்குள்ள வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு வலைப்பின்னல், கடைசியாகக் கோலாலம்பூர் வங்கி என்று போய்ச் சேரும். பதிலும் அதே வழியில் திரும்பும். இதில் எந்த இடத்தில் நின்றாலும் திரையில் வருவது ஒரே வாசகம்: பரிவர்த்தனை தோல்வி. வங்கிகளுக்குள் ஓடும் பதிலில் காரணக் குறியீடு உண்டு. 51 என்றால் இருப்பு போதவில்லை, 54 என்றால் காலாவதி, 57 என்றால் இந்த வகைச் செலவுக்கு இந்தக் கார்டில் அனுமதி இல்லை. 05 என்றால் "ஏற்கவேண்டாம்", அவ்வளவுதான், காரணம் சொல்ல மாட்டார்கள். நான் வங்கியின் கார்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்த காலத்தில் எங்களுக்கே எரிச்சலூட்டிய குறியீடு அது. இவை எதுவும் உங்கள் அக்கா மகன் கண்ணுக்கு வராது. வங்கியின் கண்ணுக்கு வரும்.

ஆகவே அவர் தன் வங்கிக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "நேற்று இந்த நேரத்தில், இந்தியாவிலிருந்து, இந்தக் கார்டுக்கு ஒரு முயற்சி வந்ததா?" நேரத்தை மலேசியக் கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். நம்மைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். உங்கள் கடிகாரத்தைப் பார்த்து அவர் சொன்னால், அப்படி எதுவும் இல்லை என்று அவர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

"எதுவும் வரவில்லை" என்பது உண்மையான பதிலாக இருந்தால், கதவை அடைத்தது இந்தியப் பக்கம். அவர் மூன்று கார்டு மாற்றினாலும் முப்பது கார்டு மாற்றினாலும் பயனில்லை, கட்டும் வழியைத்தான் மாற்றவேண்டும். "வந்தது, நாங்கள்தான் மறுத்தோம்" என்றால் நல்ல செய்தி. மறுத்தவரே திறந்துவிடலாம்.

இந்தியப் பக்கம் ஏன் அடைக்கிறார்கள்? 2009 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் கார்டு போட்டால் கார்டு எண்ணுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. இன்று ஓ.டி.பி. என்று நாம் தட்டுவது அதன் தொடர்ச்சி. அந்த விதி இந்தியாவில் வழங்கப்பட்ட கார்டுகளுக்கானது. வெளிநாட்டுக் கார்டை வாங்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. பயம்தான் காரணம். ஓ.டி.பி. போட்டு நடந்த செலவில் மோசடி என்று பின்னால் வழக்கு வந்தால், இழப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியின் தலையில். ஓ.டி.பி. இல்லாமல் நடந்ததென்றால் விற்றவர் தலையில். திருட்டுக் கார்டுக்காரனுக்குப் பயண டிக்கெட் மாதிரி வசதியான சரக்கு வேறு கிடையாது. வீட்டுக்கு வந்து இறங்கவேண்டியதில்லை, வாங்கிய கையோடு பயன்படுத்திவிடலாம். கார்டின் சொந்தக்காரர் மாதக் கணக்கைப் பார்த்து அலறும்போது பயணமே முடிந்திருக்கும். அவர் புகார் செய்யப் பொதுவாக 120 நாள் அவகாசம் வேறு.

நாலு அறை வைத்திருக்கும் விடுதிக்காரர் இதற்குப் பயந்து வெளிநாட்டுக் கார்டு வசதியை வாங்காமல் இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். நுழைவாயில் நிறுவனத்திடம் அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், கமிஷனும் கூடுதலாகப் பிடிப்பார்கள். எனக்குக் கோபம் வருவது பெரிய தளங்கள் மேல். பெயர், வயது, பாஸ்போர்ட் எண் என்று இருபது நிமிடம் தட்டவைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் "தோல்வி" என்பதற்குப் பதில், முதல் பக்கத்திலேயே "இந்தியக் கார்டு மட்டும்" என்று ஒரு வரி போட்டால் என்ன?

இனி மலேசியப் பக்கம். அங்கே பல வங்கிகள் கார்டைக் கொடுக்கும்போதே வெளிநாட்டுச் செலவை மூடிவைத்துத்தான் கொடுக்கின்றன. வங்கிச் செயலியில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும், திறந்துவிட்டால் போதும். அடுத்தது ஒப்புதல். குறுஞ்செய்தி ஓ.டி.பி.யை விட்டு விலகச் சொல்லி 2022இல் அங்குள்ள மத்திய வங்கி சொன்னதிலிருந்து, செயலிக்குள் "ஆம், நான்தான்" என்று ஒப்புக்கொள்ளும் முறைக்கு வங்கிகள் மாறிவருகின்றன. நம் தளத்தின் பக்கத்தில் ஓ.டி.பி. கட்டம் வரும் என்று இவர் காத்திருப்பார், அங்கே செயலி இவருக்காகக் காத்திருக்கும். நேரம் முடிந்துவிடும்.

ஊருக்கு வந்தபின் கார்டைப் பயன்படுத்தினால் வேறு சங்கடம். சிங்கப்பூரிலிருந்து வந்த என் சித்தப்பா மகள் முகப்பில் உட்கார்ந்து பஸ் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். ஓ.டி.பி. வரவே இல்லை. விமான நிலையத்தில் வாங்கிய இந்திய சிம் போனுக்குள் இருந்தது. சிங்கப்பூர் சிம் பாஸ்போர்ட்டின் பின் அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டி, பெட்டகத்துக்குள் பத்திரமாக இருந்தது. சாவி தேடி, டேப்பை நகத்தால் பிரித்து, சிம்மை மாற்றி, ரோமிங் பிடித்து ஓ.டி.பி. வந்தபோது பக்கம் செத்துப் பத்து நிமிடம். அக்கா மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: இரண்டு சிம் போடும் போன் எடுத்து வரட்டும், மலேசிய சிம் உள்ளேயே இருக்கட்டும்.

படிவத்தில் ஒரு பொறி உண்டு. நம் தளங்கள் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம் கேட்கும். சிங்கப்பூர்க் குறியீடும் ஆறு என்பதால் தப்பிவிடும். மலேசியாவுக்கு ஐந்துதான், படிவம் நகராது. உடனே நம்மவர்கள் 630001 என்று காரைக்குடியைப் போட்டுவிடுவார்கள். மலேசியக் கார்டுக்கு இதனால் பெரிதாகப் பாதகமில்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கார்டென்றால் முகவரியை வங்கியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பொருந்தாவிட்டால் அதற்காகவே மறுத்துவிடலாம். நியூ ஜெர்சியிலிருந்து வரும் பங்காளிக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, பல்லவனுக்கு என்ன செய்வது? என் யோசனை: அவர் கார்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், நீங்களே போட்டுவிடுங்கள். கார்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த தொடக்க நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே வழி. தட்காலும் 2025 ஜூலையிலிருந்து அப்படித்தான். கோலாலம்பூரில் இருப்பவர் ஆதாருக்கு எங்கே போவார்? உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை இணைத்துவிட்டால் மாதம் 24 டிக்கெட் வரை போடலாம், படைப்புக்கு வரும் மொத்தப் பங்காளிகளுக்கும் போதும். சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் போட்டுக்கொடுப்பதில் தவறில்லை, அதற்குக் கூலி வாங்கினால்தான் குற்றம். பயணி விவரத்தில் நாடு என்ற இடத்தில் மலேசியா என்று மாற்றி, பாஸ்போர்ட் எண்ணைப் பிழையில்லாமல் போடுங்கள். ரயிலில் அசல் பாஸ்போர்ட்டே அடையாளச் சீட்டு. இணையம் ஒத்துவராவிட்டால் காரைக்குடி சந்திப்பு முன்பதிவு அலுவலகத்தில் படிவம் எழுதிக் கொடுத்தாலும் ஆயிற்று.

உங்கள் கையால் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ரத்து செய்தால் பணம் எந்த வழியில் போனதோ அந்த வழியில்தான் திரும்பும். வெளிநாட்டுக் கார்டென்றால் போகும்போது ஒரு மாற்று விகிதம், வரும்போது ஒன்று, இடையில் கட்டணம். ரூபாயில் போட்டு ரூபாயில் வாங்கினால் ரத்துக் கட்டணத்தோடு போயிற்று. அவர் வந்து கையில் கொடுக்கட்டும். சொந்தத்துக்குள் கணக்கா என்று கூச்சப்படவேண்டாம், பேரேடு எழுதி வளர்ந்த ஊர்தானே இது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் கொடுத்துத் தீர்ப்பது இன்னும் எளிது: 2023 பிப்ரவரியிலிருந்து அங்குள்ள பேநவ் என்ற பணம் அனுப்பும் முறை நம் யு.பி.ஐ.யோடு இணைந்திருக்கிறது, அங்கிருந்தே உங்கள் கணக்கில் போட்டுவிடலாம்.

நானேதான் போடுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், வெளிநாட்டுக் கைபேசி எண்ணோடு ஐ.ஆர்.சி.டி.சி.யில் ஒரு சிறு கட்டணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். பணம் கட்டும் பக்கத்தில் சர்வதேசக் கார்டு என்று தனியாக இருக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கண்ணில் முதலில் படும் கார்டுக் கட்டத்தில் எண்ணைப் போட்டுவிட்டுத்தான் பலர் தோற்றுப்போகிறார்கள்.

விடுதிக்குப் போன் செய்து, "சர்வதேசக் கார்டு எடுக்கும் கட்டண இணைப்பு உண்டா, இல்லையென்றால் வந்து கட்டலாமா" என்று கேளுங்கள். ஊர்க்காரர் கேட்டால் பெரும்பாலும் வந்து கட்டச் சொல்லிவிடுவார்கள், அல்லது முன்பணத்தை நீங்கள் யு.பி.ஐ.யில் போட்டுவிடலாம். வந்தபின் கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ரிங்கிட்டிலா ரூபாயிலா என்று கேட்டால் ரூபாய் என்றே சொல்லட்டும். ரிங்கிட் என்றால் மாற்று விகிதத்தில் கை வைத்துவிடுவார்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். "கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நாங்கள் போட்டுக்கொள்கிறோம்" என்று சில இடங்களில் கேட்கிறார்கள். எவ்வளவு தெரிந்தவரானாலும் அனுப்பக்கூடாது. கேட்பவர் நல்லவராகவே இருப்பார். அந்தப் படம் அவர் போனிலிருந்து யார் யார் போனுக்குப் போகும் என்பது அவருக்கே தெரியாது.

போனதாகச் சொல்லும் பணம் பெரும்பாலும் போயிருக்காது. அவருடைய வங்கி தொகையை ஒதுக்கி நிறுத்தி வைத்திருக்கும், டிக்கெட் விழாததால் இந்தப் பக்கம் அதை எடுத்திருக்க மாட்டார்கள். கணக்கில் "நிலுவை" என்று காட்டினால் அதுதான், சில நாளில் தானாக விடுபடும். எத்தனை நாள் என்பது வங்கிக்கு வங்கி மாறும். நிலுவை நீங்கிச் செலவாகப் பதிவாகிவிட்டால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு தன் வங்கியிலேயே தகராறு மனு கொடுக்கட்டும். ஐந்து நாளில் திரும்பாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் என்று 2019இல் ரிசர்வ் வங்கி சொன்னதை உங்களிடம் யாராவது எடுத்துவிடுவார்கள். அது இரு முனையும் இந்தியாவுக்குள் இருக்கும் பணத்துக்கு மட்டும்.

திரும்பும் பயணத்தை இன்னும் போடவில்லை என்றால் சென்னையை விட்டுவிடச் சொல்லுங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், புதுக்கோட்டை வழியாகக் காரில் இரண்டு மணி நேரம். அந்த டிக்கெட்டை விமான நிறுவனத்தின் மலேசியத் தளத்தில், ரிங்கிட் விலையில் போடட்டும். அந்தக் கார்டின் விலாசம் அங்கே எல்லோருக்கும் தெரியும்.