சென்னைக்கு வீடு மாறுகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

*வேலை, படிப்பு என்று சென்னைக்குக் குடிவர இருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு, இந்த இதழில்.*

மகனுக்குச் சிறுசேரியில் வேலை. நாவலூர் பக்கம் ஓர் அடுக்ககத்தில் இரண்டு படுக்கையறை வீடு பார்த்தோம். புரோக்கர் பத்து நிமிடத்தில் சுற்றிக் காட்டிவிட்டு டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கும் முன் வேறென்ன பார்க்க வேண்டும்? — வாசகி, கோவில்பட்டி

தண்ணீரைப் பாருங்கள் அம்மா. டைல்ஸ், மாடுலர் கிச்சன், பால்கனிக் காற்றெல்லாம் அப்புறம். நாவலூர் இருக்கும் பழைய மாமல்லபுரம் சாலையில் பல அடுக்ககங்களுக்கு மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு இல்லை. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். “இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர்” என்று புரோக்கர் சொன்னால் அது பொய்யாக இருக்காது. எந்தத் தண்ணீர், யார் காசில் என்பதைத்தான் அவர் சொல்லமாட்டார்.

இன்னொரு முறை போங்கள். காலை ஏழிலிருந்து எட்டுக்குள், எல்லா வீட்டிலும் குளியல் நடக்கும் நேரத்தில். குளியலறை ஷவரையும் சமையலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, ஃப்ளஷையும் அழுத்துங்கள். ஷவர் நூலாக இறங்கினால் அது கடைசி மாடி வீடாக இருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. மேல்நிலைத் தொட்டி தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். இந்த அழுத்தத்தில் பல வாஷிங் மெஷின்கள் “தண்ணீர் வரவில்லை” என்று பிழை காட்டி நின்றுவிடும். பிரஷர் பம்ப் போட்டால் சரியாகும். அதை யார் போடுவது என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

அடுத்தது உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற, பாக்கெட்டில் அடங்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று, சில நூறு ரூபாய்தான், வாங்கிக்கொண்டு போங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே தரம். சமையலறைக் குழாயில் 500க்குக் கீழே காட்டினால் ஆர்.ஓ. மெஷின் தேவையில்லை, யூ.வி. வடிகட்டி போதும். ஆர்.ஓ. என்றால் குடிக்கிற ஒரு லிட்டருக்காக இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் கட்டடத்தில் அது வீண் செலவு. 1500, 1800 என்று காட்டினால் ஆர்.ஓ. கட்டாயம், கீசரின் காயிலும் அடிக்கடி மாற்ற வேண்டிவரும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த மீட்டர் உப்பைத்தான் சொல்லும். கிருமி இருக்கிறதா, கழிவுநீர் கலந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மீட்டர் கையில் இல்லாவிட்டால் குழாயின் அடியையும் ஷவர் துளைகளையும் விரலால் தடவுங்கள். வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தால் விடை கிடைத்துவிட்டது.

கடைசியாக, லாரிக் கணக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் போடும் அளவு. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 540 லிட்டர். இருபது வீடு உள்ள கட்டடம் என்றால் நாளொன்றுக்குப் பத்தாயிரத்து எண்ணூறு, அதாவது போர் வற்றிவிட்டால் தினமும் கிட்டத்தட்ட ஒரு 12,000 லிட்டர் லாரி. அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில்தான் வந்து விழும். ஆகவே “மெயின்டனன்ஸ் எவ்வளவு?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். போன மே மாத ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். டிசம்பர் ரசீதை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் கோடையில் தவிக்கிறார்கள்.

வாடகை 18,000. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார் ஹவுஸ் ஓனர். சட்டப்படி மூன்று மாதம்தான் என்று நண்பர் சொல்கிறார். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் போதுமா? — வாசகர், கும்பகோணம்

நண்பர் சொல்வது பாதி சரி. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று அது சொல்கிறது. கூடவே, “வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர” என்றும் சொல்கிறது. பத்து மாதம் என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அதுதான் அந்த “வேறுவித ஒப்பந்தம்”. ஆக, சட்டம் உங்களுக்குக் கொடுப்பது பேரம் பேசும் பலம். கையெழுத்துக்கு முன்தான் அதற்கு மதிப்பு. பத்து மாதம் என்பது சென்னையின் பழைய வழக்கம். ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கிவரும் ஓனர்கள் இப்போது நிறைய.

பதினோரு மாதம் என்று போடுவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்பது. ஆனால் புதிய வாடகைச் சட்டத்தில் அந்தத் தந்திரம் செல்லாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெற வேண்டும். இதை இணையத்திலேயே செய்யலாம். வீட்டைக் காலிசெய்தால் ஒரு மாதத்துக்குள் முன்பணம் திரும்ப வேண்டும், தகராறு இருந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை ஓனர் நிறுத்தக் கூடாது என்றெல்லாம் இதே சட்டத்தில் இருக்கிறது.

பணம் போகும் இடம் பெரும்பாலும் வாடகை அல்ல, ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டதுதான். சென்னையில் காலிசெய்யும்போது “பெயின்டிங் சார்ஜ்” என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது சகஜம். ஆறே மாதத்தில் போனாலும் கழிப்பார்களா, சுவர் சுத்தமாக இருந்தாலும் கழிப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். முன்னறிவிப்பு ஒரு மாதமா இரண்டா, வாடகை எப்போது எத்தனை சதவீதம் ஏறும், பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள்ளா வெளியேவா, கார் நிறுத்துமிடத்தின் எண் என்ன என்பதும் அப்படியே. அட்வான்ஸை வங்கி வழியாக அனுப்பி, பரிவர்த்தனை எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

பணம் வாங்குபவர்தான் ஓனரா? சொத்துவரி ரசீதில் உள்ள பெயர், மின் இணைப்பில் உள்ள பெயர், அவருடைய அடையாள அட்டை மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மாத வாடகை இல்லாமல் மொத்தமாகச் சில லட்சம் கொடுக்கும் “லீஸ்” வீடு என்றால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வங்கிக்கு அடமானம் போன வீட்டை லீஸுக்கு விட்டுவிட்டுக் கடன் தவணை கட்டாத ஓனரிடம் சிக்கினால், வங்கி வந்து பூட்டும்போது உங்கள் லட்சங்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

சம்பளத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்பவரா? ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தேவை. உங்கள் வாடகைக்குக் கட்டாயம் தேவைப்படும். “பான் எல்லாம் தரமாட்டேன்” என்று சாவி கொடுத்த பிறகு சொல்பவர்கள் உண்டு.

ஓனர் கீழே, நாங்கள் மாடியில். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்கிறார். சரியான விலையா? — வாசகி, நாகர்கோவில்

நீங்கள் கேட்க வேண்டியது விலையை அல்ல, தனி இணைப்பு இருக்கிறதா என்பதை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. ஒவ்வோர் இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு குடும்பமும் ஒரே இணைப்பில் இருந்தால் அந்த 100 ஒரு தடவைதான். அதைவிடப் பெரிய அடி 500இல் இருக்கிறது. மொத்தம் 500 யூனிட் வரை ஒரு கட்டண அட்டவணை, 501 ஆனதும் வேறு அட்டவணை. அதில் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை போய்விடும். கூடுதலாக எரிந்தது ஒரே யூனிட், பில்லில் ஏறுவது இருநூறு ரூபாய்க்கு மேல். ஒன்றரை டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஆறிலிருந்து பத்து யூனிட் இழுக்கும். அறுபது நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். இரண்டு குடும்பத்தின் ஏசி ஒரே இணைப்பில் என்றால் கோடையில் 500க்குள் நிற்க வாய்ப்பே இல்லை. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று அவர் சொல்வதன் பின்னணி இதுதான்.

தனி மீட்டர் உள்ள வீடாக இருந்தாலும் குடிபோகும் நாளில் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அப்போதும் மினுக்கினால், மாடிப்படி விளக்கோ தண்ணீர் மோட்டாரோ உங்கள் மீட்டரில் தொங்குகிறது என்று அர்த்தம். பிறகு மீட்டரைப் படம் எடுங்கள். அதில் எண்கள் மாறி மாறி வரும். யூனிட் வரும் வரை காத்திருந்து, மீட்டர் எண்ணும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். பழைய குடித்தனக்காரர் பில் பாக்கி வைத்திருக்கிறாரா என்று இணைப்பு எண்ணை வைத்து மின்வாரிய இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

மெயின் பெட்டியில் “T” என்று எழுதிய சின்னப் பொத்தான் உள்ள கருவி இருக்கும். அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். ஷாக் அடிக்கும்போது உயிரைக் காப்பது அந்தக் கருவிதான். அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அதை மாற்றித் தராமல் கீசரைப் போடாதீர்கள். கீசரும் ஏசியும் 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும். மின்தடைக்கும் புகாருக்கும் மின்வாரியத்தின் ‘மின்னகம்’: 94987 94987.

ஆடி பிறக்கப்போகிறது. பெரியவர்கள் வீடு மாறக் கூடாது என்கிறார்கள். தள்ளிப்போடலாமா? — வாசகர், காரைக்குடி

நம்பிக்கை உங்கள் வீட்டு விஷயம். ஆனால் வீடு பார்க்க ஆடியைவிட நல்ல மாதம் கிடையாது. பள்ளி திறப்பை ஒட்டி மே, ஜூனில் வாடகை உச்சத்தில் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வராமல் வீடு பூட்டிக் கிடக்கும், ஓனர் இறங்கி வருவார். ஆடியில் பேசி முடித்து, ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சுவதாக எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு எந்த மாதத்தில் இருந்தாலும் ஒப்பந்தத்தில் வாடகை தொடங்கும் தேதி ஆவணியாக இருக்கட்டும்.

மழைக்காலம் அக்டோபரில் தொடங்கும். தரைத்தளம் என்றால் 2015லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்க்கடையில் கேளுங்கள், ஓனரிடம் அல்ல.

தென்காசியில் உள்ள கேஸ் இணைப்பைச் சென்னைக்கு மாற்றுவது எப்படி? சிலிண்டரைக் கூடவே எடுத்துப் போகலாமா? — வாசகர், தென்காசி

எடுத்துப் போகக் கூடாது, லாரிக்காரரும் ஏற்றமாட்டார். வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்பதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, இணைப்பு முடித்த சான்று வாங்க வேண்டும். முதலில் இணைப்பு எடுத்தபோது கொடுத்த ரசீதும் நீலப் புத்தகமும் தேவை. அன்று கட்டிய டெபாசிட் எவ்வளவோ அவ்வளவுதான் திரும்பும். சென்னையில் அந்தச் சான்றைக் கொடுத்து இன்றைய டெபாசிட்டைக் கட்ட வேண்டும்: 2022 ஜூனில் உயர்த்தியபடி 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. பழைய இணைப்பு என்றால் கையிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் போகும். ஒரே ஊருக்குள் மாறுபவர்களுக்கு இந்த ஒப்படைப்பு வேலை இல்லை, ஏஜென்சி மாற்றம் மட்டும் போதும்.

சிலிண்டர் தீரும் தறுவாயில் ஒப்படையுங்கள். புதிய இணைப்பு வரும்வரை ஐந்து கிலோ ‘சோட்டு’ சிலிண்டர் கைகொடுக்கும்; அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள். பழைய ரப்பர் குழாயைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய ஆரஞ்சுக் குழாய் வாங்குங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டும். கசிவு என்றால் 1906.

லாரியில் சாமான் ஏற்றும்போது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோவுக்கு என்ன கவனம் வேண்டும்? — வாசகி, ஈரோடு

ஃபிரிட்ஜை நிற்க வைத்தே கொண்டுபோங்கள். வழியில் படுக்கப்போட்டால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். இறக்கிய பிறகு பல மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது கழற்றிய நீளமான போல்ட்டுகளைத் தேடியெடுத்துப் பின்பக்கம் முடுக்குங்கள். இல்லையென்றால் டிரம் ஆடி ஆடி அதன் தாங்கிகள் போய்விடும். போய்ச் சேர்ந்ததும் அந்த போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் துள்ளி நகரும். ஏசியைக் கழற்றுபவர் கேஸை வெளி யூனிட்டுக்குள் இறக்கிப் பூட்டினாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்குச் சோம்பேறித்தனப்படுபவர்தான் மறுநாள் “கேஸ் நிரப்பணும்” என்பார்.

பீரோவுக்கு அளவு நாடாதான் மருந்து. புது வீட்டு லிஃப்டின் கதவு அகலம், மாடிப்படித் திருப்பம், படுக்கையறை வாசல் மூன்றையும் அளந்துவிட்டுப் பீரோவை அளங்கள். லிஃப்டில் ஏறாத பீரோவுக்கு மாடிக்கு இவ்வளவு என்று இறக்கும் இடத்தில்தான் பேரம் தொடங்கும். அதனால் முன்கூட்டியே மொத்தத் தொகையை ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்கூலி உட்பட எழுத்தில் வாங்குங்கள். சாமான் பட்டியலும், சரக்கு ரசீதும் இல்லாமல் லாரி கிளம்பக் கூடாது. முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்கிற நிறுவனத்தை விட்டுவிடுங்கள். சனி, ஞாயிறில் சாமான் ஏற்ற இறக்க அனுமதிக்காத அடுக்ககங்கள் உண்டு, லிஃப்டுக்குத் தனிக் கட்டணம் கேட்பவையும் உண்டு; சங்கச் செயலாளரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

பைக்கை ரயிலில் அனுப்புவது மலிவு. ஆர்.சி. புத்தக நகல் வேண்டும், பெட்ரோல் டேங்க் சொட்டுக்கூட இல்லாமல் காலியாக இருக்க வேண்டும், சாக்குச் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும். எழும்பூரில் இறங்கியதும் ஊற்ற அரை லிட்டரை பாட்டிலில் கொண்டுபோகிற யோசனை வேண்டாம். ரயிலில் பெட்ரோல் எடுத்துச் செல்வது குற்றம். பங்க் வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.