64 வயதில் இறுகிய முன்தோல்

"வயது 64. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. நான்கு மாதங்களாக ஆண்குறியின் முன்தோல் இறுகிவிட்டது; பின்னால் தள்ளினால் வெடிக்கிறது. அரிப்பு, எரிச்சல், மாவு போல வெள்ளைப் படிவு. மொட்டின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் வேறு. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைப் பூசினால் ஒரு வாரம் அடங்கி மீண்டும் வருகிறது. தினமும் மூன்று முறை டெட்டால் கலந்த நீரில் கழுவுகிறேன். மனைவியைத் தவிர வேறு யாரோடும் எனக்கு உறவு இருந்ததில்லை. கைபேசியில் தேடினால் புற்றுநோய் என்கிறது. சுன்னத் செய்ய வேண்டியிருக்கும் என்கிறார் நண்பர். இந்த வயதிலா? ஆறு மாதத்துக்கு முன் சர்க்கரைக்குப் புது மாத்திரை ஒன்று சேர்த்தார்கள். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை."
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருவாரூர் மாவட்டம்

கடிதத்தின் நடுவில் மனைவியைப் பற்றி ஒரு வரி செருகியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில். நீங்கள் எழுதியிருப்பது பால்வினை நோய் போலத் தெரியவில்லை. உங்கள் ஒழுக்கத்துக்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, ஐயா. வீட்டில் சொல்லக் கூசித்தான் நான்கு மாதத்தை ஓட்டியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். "சர்க்கரையால் வந்த பூஞ்சை போலிருக்கிறது" என்று அவரிடம் இன்றே சொல்லுங்கள். பெரும்பாலும் உண்மையும் அதுதான்.

போகிற போக்கில் கடைசியில் எழுதிய மாத்திரை எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அதன் அட்டையை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விடுங்கள். சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிறதா? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எல்லாம் அந்த வகை. ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவதுதான் இவற்றின் வேலை. சிறுநீரில் எறும்பு மொய்த்தால் நீரிழிவு என்று ஊரில் சொல்வார்களே, இந்த மாத்திரை அதை வேண்டுமென்றே செய்கிறது. சிறுநீர் கழித்தபின் முன்தோலுக்கு அடியில் தங்குகிற இரண்டு சொட்டும் சர்க்கரைத் தண்ணீர்தான். ஈரம், வெதுவெதுப்பு, இனிப்பு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? தோல் வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் தழும்பு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் மோதிரம் போல இறுகிவிடும்.

அதற்காக மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கிற மருந்து அது. அதற்காகவே உங்களுக்குக் கொடுத்திருக்கலாம். தொடர்வதா மாற்றுவதா என்று எழுதிக்கொடுத்த மருத்துவர் முடிவு செய்யட்டும். அவரிடம் இந்தத் தொல்லையைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். மாத்திரை வேறு வகை என்றால் சர்க்கரைதான் கட்டுமீறி இருக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினாலே தானாகச் சிறுநீரில் இறங்கத் தொடங்கும். எப்படியிருந்தாலும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். முன்தோல் வெடிப்பைக் காட்ட வந்த இடத்தில்தான் தனக்குச் சர்க்கரை இருப்பதையே அறிந்துகொள்கிற ஆண்களும் உண்டு.

களிம்பு விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் குழாயைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சைக்கொல்லி, ஓர் ஆன்டிபயாடிக் என்று மூன்றும் கலந்ததாக இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், தோலை மெலியவைக்கும், பூஞ்சைக்கு மறைவிடம் கொடுக்கும். படர்தாமரைக்கு இதையே பூசி உடம்பெல்லாம் பரப்பிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. தோல் பீங்கான் போல வெளுத்துத் தடிக்கும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற நோய்க்கு நானே ஸ்டீராய்டு எழுதுவேன்; ஆனால் நேரில் பார்த்த பிறகு. டெட்டாலைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு முறை வெறும் தண்ணீர் போதும். உள்ளே சோப்பு வேண்டாம். கழுவியதும் ஒற்றி உலர்த்துங்கள். தோல் எவ்வளவு தூரம் வலிக்காமல் பின்னால் போகிறதோ அவ்வளவுதான். முடிந்ததும் முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னால் போன தோல் திரும்பாமல் மாட்டிக்கொண்டு மொட்டு வீங்கினால், விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

விளிம்பைச் சுற்றி வரிசை கட்டி நிற்கும் பருக்கள் பெரும்பாலும் இளவயதிலிருந்தே இருப்பவை. இப்போதுதான் உற்றுப் பார்க்கிறீர்கள். மறந்துவிடுங்கள்.

புற்றுநோய்? அரிதானது, அரிப்பும் வெடிப்பும் மட்டும் அதன் அடையாளம் ஆகாது. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது ஒன்று உண்டு: முன்பு தாராளமாகப் பின்னால் போன தோல் இப்போது முழுதாகப் போகவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தப் புற்றுநோய் பல சமயம் வலியில்லாமல் அந்த மறைவில்தான் தொடங்குகிறது. தோலுக்கு மேலாக விரலால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா? ரத்தம் கலந்தோ நாற்றமெடுத்தோ கசிகிறதா? மூன்று வாரமாகியும் ஆறாத புண் ஏதும் உண்டா? ஒன்று இருந்தாலும் நாளைக்கே யூராலஜிஸ்டிடம் (சிறுநீரியல் மருத்துவர்) போங்கள். சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பார். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் உறுப்பைக் காப்பாற்றிவிடலாம். தொடையிடுக்கில் நெறி கட்டி, அது பெருத்த பிறகு வருகிறவரிடம் அப்படிச் சொல்ல முடிவதில்லை. பலர் அப்போதுதான் வருகிறார்கள், பையில் நான்கைந்து களிம்புக் குழாய்களோடு. உங்களுக்கு இவை எதுவும் இல்லாவிட்டாலும் நான்கு மாதம் கடந்துவிட்டதால் ஒருமுறை நேரில் காட்டத்தான் வேண்டும்.

அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பூஞ்சையும் சர்க்கரையும் அடங்கிய பிறகு தோல் தானாக இளகுவதும் உண்டு. தழும்பு வளையம் அப்படியே நின்றுவிட்டால் முன்தோலை நீக்குவதுதான் வழி. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தையல் தானாகக் கரையும். நான்கிலிருந்து ஆறு வாரம் உறவைத் தள்ளிவைக்க வேண்டும். 64 வயது இதற்குத் தடையே இல்லை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான் தடை. நீக்கிய தோலைப் பயாப்ஸி என்னும் திசுச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அதன் முடிவை வாங்குங்கள்.

போகும்போது மாத்திரை அட்டையும் களிம்புக் குழாயும் கையில் இருக்கட்டும். மனைவிக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் அவருக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுக்க வேண்டும். கூட அழைத்துச் செல்லுங்கள்.