வெள்ளக்காரன் ஜெயில ஏன் 'சோக்கி'ங்கறான்? கேளுங்க, சொல்றேன்

காரைக்குடி: அண்ணே, இங்கிலாந்துல பழைய பேச்சுல ஜெயிலுக்கு சோக்கின்னு பேராமே, கழுத்த நெரிக்கிற 'சோக்'லேருந்து வந்ததா?

பதில்: இல்ல தம்பி, நம்ம பக்கத்துலேருந்து கப்பலேறிப் போன சொல்லு அது. இந்தியில சௌக்கி, அதுக்கு மூலம் சமஸ்கிருத சதுஷ்க, நாலு பக்கம் உள்ளதுன்னு அர்த்தம். மொதல்ல நாலு கால் நட்ட கொட்டகையா இருந்திருக்கும், அதுல காவக்காரன் உக்காந்தான், சுங்கம் வாங்குறவன் உக்காந்தான், பல்லக்கு தூக்குறவக ஆள் மாத்துனாக, புடிச்ச திருடன ராத்திரி அடைச்சும் வச்சாக, எல்லாமே சௌக்கிதான். வெள்ளக்காரன் கடைசி அர்த்தத்த மட்டும் மூட்ட கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். வெள்ளக்காரன் பேச்சுல கலந்த நம்ம ஊர்ச் சொல்லுக்கெல்லாம் பொருள் சொல்லி 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில இந்த அர்த்தமெல்லாம் வரிசையா கெடக்கு. தமிழ்ல சுங்கச்சாவடிக்கு சவுக்கைன்னு சொன்னதும் இதேதான்.

தேவகோட்டை: சிலப்பதிகாரத்துல வர்ற சதுக்கப் பூதம்?

பதில்: அட, நல்ல கேள்வி! நாலு தெரு கூடுற எடம் சதுக்கம், அதே சதுஷ்கதான். அந்தப் பூதமும் தப்பு பண்ணவன பாசக்கயித்தால கட்டிப் புடிச்சுத் தின்னும். ஆனா ஜெயில் அர்த்தம் அங்கேருந்து வந்துச்சுன்னு கெளப்பி விட்றாதீங்க.

புதுவயல்: 'சோக்கா இருக்கு'ங்கறோமே, அதுவும் இதானா?

பதில்: இல்ல. அது உருது ஷௌக். காதுக்கு ஒண்ணா கேட்டா வேர் ஒண்ணாயிடாது, நூறு தடவ சொல்லியாச்சு.

கண்டனூர்: மச்சான் மேல கேஸு, ஜாமீன் கெடைக்குமா?

பதில்: வக்கீலப் பாருங்க. ஜாமீன் அரபிச் சொல்லுங்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

பள்ளத்தூர்: ஜெயில மாமியார் வீடுங்கறாகளே, ஏன்?

பதில்: வேல வெட்டி இல்லாம உக்காந்து சாப்புடலாம்ல ஆச்சி, மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுல நடக்குற உபசாரம் மாதிரி. இந்திக்காரனும் சசுரால்னு இதே கிண்டல்தான் பண்றான்.

பள்ளத்தூர்: அது ஆம்பள கணக்கு. நாங்க போற மாமியார் வீட்டுல யாரு உக்காந்து தின்னா?

கானாடுகாத்தான்: நம்ம பக்கம்தான் கல்யாணமானா வேறு வச்சிர்றோமே ஆச்சி, தனி அடுப்பு, தனி சமையல், அப்புறம் என்ன ஜெயிலு?

பள்ளத்தூர்: அடுப்புதான் வேற, வீட்டு வளவு ஒண்ணுதானே தம்பி. எத்தன கண்ணு பாக்கும் தெரியுமா?

பதில்: ஆச்சி சொல்றதுல நியாயம் இருக்கு, 'மாமியார் வீட்டுக்குப் போயிட்டான்'னுதான் கேள்விப்பட்டிருக்கேன், 'போயிட்டா'ன்னு யாரும் கிண்டல் பண்ணிக் கேட்டதில்ல. பொம்பளைக்கு அது கிண்டல் இல்லபோல.

கோட்டையூர்: அண்ணே சோக்கிங்கறது கழுத்த நெரிக்கிற...

பதில்: மேல மொதல் பதில், தம்பி. மேல.