1993இல் நின்றுபோன ஒப்பந்தம், 2001இல் பறந்த ரஷ்ய இஞ்சின்: எது சரி?

இந்தியாவுக்குக் கிரையோஜெனிக் இஞ்சின் (கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் ராக்கெட் இஞ்சின்) தரும் ஒப்பந்தம் 1993இல் நின்றுபோனது என்றால், 2001இல் இந்திய ராக்கெட்டில் ரஷ்ய இஞ்சின் எப்படிப் பறந்தது என்று கேட்டீர்கள். இரண்டும் சரிதான். நீங்கள் கேட்ட முரண்பாடு உண்மையில் இல்லை. 1993இல் ரஷ்யா நிறுத்தியது தொழில்நுட்பத்தைத் தருவதை மட்டுமே. செய்து முடித்த கிரையோஜெனிக் அடுக்குகளை (இஞ்சினும் எரிபொருள் தொட்டிகளும் சேர்ந்த ராக்கெட் பகுதி) விற்பதை அல்ல. மாற்று ஏற்பாட்டின்படி 7 அடுக்குகள் வந்தன. 2001 ஏப்ரலில் பறந்த இந்திய ராக்கெட்டான ஜிஎஸ்எல்வியின் முதல் ஏவுதலில் (டி1) இருந்தது அவற்றில் ஒன்று.

குழப்பத்துக்குக் காரணம், பல கட்டுரைகள் 'இஞ்சின் மறுக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான். பொருள் வேறு, செய்முறை வேறு. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. அந்தக் குளிரில் சுருங்கும் உலோகம், அதை இணைக்கும் வெல்டிங், கசியாத சீல், அசுர வேகத்தில் சுழலும் டர்போ பம்ப் ஆகியவற்றின் நுணுக்கம் வரைபடத்தோடும் பயிற்சியோடும் வந்திருக்க வேண்டும். அதுதான் வரவில்லை. 2010 ஏப்ரலில் முதல் உள்நாட்டு அடுக்கு (ஜிஎஸ்எல்வி டி3 ஏவுதல்) தோற்றதும் எரிபொருள் பூஸ்டர் பம்ப் நின்றுபோனதால்தான். 2014 ஜனவரி 5இல் உள்நாட்டு அடுக்குடன் பறந்த டி5 வென்றது.

சரிபார்க்க: நீங்கள் படிக்கும் ஒவ்வொரு ஏவுதலுக்கும் மேலடுக்கு ரஷ்யாவுடையதா, உள்நாட்டுடையதா என்று எதிரே குறியுங்கள். தேதிகள் தானாகப் பொருந்தும்.

ஒன்று மட்டும் கவனம். எல்லாவற்றையும் அமெரிக்கா மேல் போட்டு எழுதிவிடாதீர்கள். 1992 மே மாதம் இந்த ஒப்பந்தத்துக்காக அமெரிக்கா விதித்த தடை உண்மை. ஆனால் 1991 ஜனவரியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சோவியத் ஒன்றியமே அந்த டிசம்பரில் இல்லாமல் போய்விட்டது. பணமுடையில் இருந்த மாஸ்கோவுக்கு அமெரிக்காவை மீறும் தெம்பு இல்லை.