‘ஈச்’, ‘எனி’, ‘நோ’: பின்னால் வருவது ஒருமையா, பன்மையா?

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று எது, எத்தனை என்று காட்டும் சொற்களை டிடர்மினர் என்கிறோம். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. படிக்கும்போது பெயரின் எண்ணையும் வினையின் எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவதால்தான் பாதிக் குழப்பம்.

கேள்வி: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். ஒருவரைப் பற்றித்தானே சொல்கிறேன்?

பதில்: ஒருவரைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ‘ஆஃப்’புக்குப் பின் நிற்பது அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது. பலர் இருந்தால்தானே அவர்களில் ஒருவரை எடுக்க முடியும்? அதனால் பெயர் பன்மை, வினை மட்டும் அந்த ஒருவருக்கு ஏற்ப ஒருமை: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்’. பெயரைச் சரியாக எழுதியவர்கள்கூடப் பக்கத்தில் நிற்கும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ஸைப் பார்த்து ‘ஆர்’ போட்டுவிடுவது உண்டு. வினையை எழுதும் முன் ‘ஒன்’னுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

‘ஈச் ஆஃப்’, ‘ஐதர் ஆஃப்’, ‘நைதர் ஆஃப்’ எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான்: ‘ஈச் ஆஃப் தி ரூம்ஸ் ஹேஸ் எ ஃபேன்’. ‘ஆஃப்’ போய்விட்டால் பெயரும் ஒருமைக்கு வந்துவிடும்: ‘ஈச் ரூம் ஹேஸ் எ ஃபேன்’. இன்னொன்று, ‘ஆஃப்’புக்கும் பெயருக்கும் நடுவில் ‘தி’, ‘மை’, ‘தீஸ்’ போல ஒரு சொல் கட்டாயம். ‘ஒன் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்’ தவறு.

தேர்வு எழுதுபவர்கள் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். ‘ஷி இஸ் ஒன் ஆஃப் தி கேர்ல்ஸ் ஹூ ஸ்பீக் ஃப்ரெஞ்ச்’ என்பதில் ‘ஹூ’ சுட்டுவது ‘கேர்ல்ஸ்’ஸை. பிரெஞ்சு பேசும் பெண்கள் பலர், அவர்களில் இவள் ஒருத்தி. ஆகவே ‘ஸ்பீக்’.

கேள்வி: ‘எவ்ரி’க்குப் பின் ஒருமைதான் என்று படித்தேன். அப்படியானால் ‘எவ்ரி டூ வீக்ஸ்’ எப்படிச் சரி?

பதில்: நீங்கள் படித்த விதி சரி, இந்தத் தொடரும் சரி. இங்கே ‘டூ வீக்ஸ்’ முழுவதும் ஒரே கால அளவு. ‘எவ்ரி’ அந்த அளவை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. ‘எவ்ரி சிக்ஸ் ஹவர்ஸ்’, ‘எவ்ரி ஃபியூ டேஸ்’ எல்லாம் இதே வகை. ஆனால் ‘செகண்ட்’, ‘தேர்டு’ போன்ற வரிசைச்சொல் வந்தால் மறுபடி ஒருமை: ‘எவ்ரி செகண்ட் வீக்’. ‘ஈச்’சை இப்படி எண்ணோடு வரும் கால அளவுடன் சேர்க்கக் கூடாது, ‘ஈச் டூ வீக்ஸ்’ தவறு. இரண்டே இரண்டு இருக்கும் இடத்தில் மாறாக ‘ஈச்’தான் பொருந்தும்: ‘எ ரிங் ஆன் ஈச் ஹேண்ட்’.

‘அனதர்’ரும் இப்படித்தான். தனியாக வந்தால் ஒருமை, அளவோடு வந்தால் பன்மை: ‘அனதர் டே’, ‘அனதர் டென் மினிட்ஸ்’. ‘அனதர் பீப்பிள்’ என்று மற்றவர்களைக் குறிக்க எழுதாதீர்கள், அது ‘அதர் பீப்பிள்’.

கேள்வி: ‘நோ ஸ்டூடன்ட்’, ‘நோ ஸ்டூடன்ட்ஸ்’ இரண்டையும் பார்க்கிறேன். எது சரி சார்?

பதில்: இரண்டும் சரி. தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு: அந்தப் பொருள் இருந்திருந்தால் எத்தனை இருந்திருக்கும் என்று கேளுங்கள். காருக்கு என்ஜின் ஒன்று, சக்கரம் நான்கு. அதனால் ‘தி கார் ஹேஸ் நோ என்ஜின்’, ஆனால் ‘தி கார் ஹேஸ் நோ வீல்ஸ்’. ‘நோ ஹஸ்பண்ட்’, ஆனால் ‘நோ சில்ட்ரன்’. ஒருவர்கூட இல்லை என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் பன்மையாக இருக்கக்கூடியதையும் ஒருமையில் வைக்கலாம்: ‘நோ ஸ்டூடன்ட் வாஸ் ஆப்சன்ட்’. வினை பெயரைப் பின்தொடரும். ‘நோ ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் ‘வேர்’.

‘ஜீரோ’வுக்கு இந்தச் சலுகை இல்லை, எண்ணக்கூடிய பெயர் பன்மையில்தான் வரும்: ‘ஜீரோ எரர்ஸ்’. ஒன்றரைக்கும் பன்மையே: ‘ஒன் அண்ட் எ ஹாஃப் ஹவர்ஸ்’.

கேள்வி: ‘டு யூ ஹேவ் எனி பென்?’ என்று கேட்கலாமா?

பதில்: கூடாது. ஒரு பேனா வேண்டுமென்றால் ‘எ பென்’ என்று கேளுங்கள், ‘எனி’ போட்டால் ‘எனி பென்ஸ்’. கேள்வியிலும் எதிர்மறையிலும் ‘எனி’க்குப் பின் எண்ணக்கூடிய பெயர் பொதுவாகப் பன்மை. நம் மனசுக்குள் ‘ஏதாவது பேனா இருக்கா?’ என்று ஓடுவதால் ஒருமை வந்துவிடுகிறது.

‘எதுவானாலும் சரி’ என்ற பொருளில் வரும் ‘எனி’ வேறு. அதற்கு ஒருமை: ‘எனி பென் வில் டூ’, ‘எனி ஸ்டூடன்ட் கேன் ஆன்சர் திஸ்’. ‘இஸ் தேர் எனி ரீசன்?’, ‘எனி சான்ஸ்?’ போன்றவை கேள்வியாக இருந்தும் ஒருமையில் நிலைத்துவிட்டவை, அப்படியே பழகிக்கொள்ளுங்கள். ‘சம்’முக்கும் இரண்டு முகம்: ‘சம் மென்’ என்றால் சிலர், ‘சம் மேன்’ என்றால் யாரோ ஒருவர்.

கேள்வி: ‘மோர் தென் ஒன்’ என்றால் இரண்டாவது இருக்க வேண்டுமே. ஏன் ஒருமை?

பதில்: பொருள் பன்மைதான். ஆனால் பெயரை ஒட்டி நிற்பது ‘ஒன்’, அது ஒருமையை இழுக்கிறது: ‘மோர் தென் ஒன் ஸ்டூடன்ட் ஹேஸ் காம்ப்ளெயின்டு’. ‘மெனி எ மேன் ஹேஸ் ட்ரைட்’ என்பதில் ‘எ’ அதே வேலையைச் செய்கிறது. இது பழைய நடை. புரிந்துவைத்திருந்தால் போதும், கடிதத்தில் ‘மெனி மென் ஹேவ்’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: ‘போத் சைட்ஸ்’, ‘ஐதர் சைட்’, இதில் எதை எழுதுவது?

பதில்: சாலையின் இருபுறமும் என்பதற்கு இரண்டுமே சரி. ‘போத்’துக்குப் பன்மை, ‘ஐதர்’, ‘நைதர்’ருக்கு ஒருமை: ‘நைதர் ஆன்சர் இஸ் கரெக்ட்’.

கேள்வி: ‘எ நம்பர் ஆஃப்’, ‘தி நம்பர் ஆஃப்’ வித்தியாசம்?

பதில்: பெயர் இரண்டிலும் பன்மை. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் வெய்ட்டிங்’ என்றால் பலர் காத்திருக்கிறார்கள். ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ஃபார்ட்டி’ என்பதில் பேச்சு எண்ணிக்கையைப் பற்றியது, அதனால் ‘இஸ்’.

கேள்வி: ‘ஈச் ஃபர்னிச்சர்’ என்பது ஏன் தவறு? ஒருமையில்தானே இருக்கிறது?

பதில்: ‘ஈச்’சுக்கு ஒருமை மட்டும் போதாது, எண்ணக்கூடிய பெயராகவும் இருக்க வேண்டும். ‘ஃபர்னிச்சர்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘லக்கேஜ்’, ‘எக்விப்மென்ட்’ ஆகியவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. ஆகவே ‘மெனி’, ‘ஈச்’, ‘எவ்ரி’, ‘ஃபியூ’ ஒட்டாது. எண்ணியே ஆக வேண்டுமானால் ‘ஈச் பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’. ‘மச்’, ‘சம்’, ‘எ லாட் ஆஃப்’ தாராளமாக வரும்.

கேள்வி: விதி தெரிந்தும் ‘மெனி புக்’, ‘ஆல் தி திங்’ என்று கை எழுதிவிடுகிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: தமிழில் ‘பத்துப் புத்தகம் வாங்கினேன்’ என்றால் முழுமையான வாக்கியம். அஃறிணைக்கு ‘கள்’ கட்டாயமில்லை. அந்தப் பழக்கம்தான் இழுக்கிறது, அதனால் எழுதும்போதே பிடிக்க முயல வேண்டாம். எழுதி முடித்தபின் ஒரு முறை எண்களையும் ‘மெனி’, ‘ஃபியூ’, ‘செவரல்’, ‘போத்’, ‘ஆல்’, ‘தீஸ்’, ‘தோஸ்’ ஆகியவற்றையும் மட்டும் தேடி, ஒவ்வொன்றின் பெயருக்கும் கடைசி எழுத்தைப் பாருங்கள். இடையில் பெயரடை நுழைந்த இடங்களில் பிழை அதிகம் ஒளிந்திருக்கும்: ‘மெனி யூஸ்ஃபுல் புக்’. இந்தச் சோதனையில் மிகையாகத் திருத்திவிடக் கூடாத ஓர் இடம், எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடையாக நிற்பது. ‘எ டூ-ஹவர் மீட்டிங்’, ‘எ டென்-இயர்-ஓல்ட் பாய்’ என்பவற்றில் ஒருமையே சரி.